கிராம சபையில் பேசியது தீர்மானத்தில் ஏற வேண்டும்

"கடந்த முறை எங்கள் ஊராட்சியில் தலைவர் ஒரு பெண். ஒன்பது வார்டு உறுப்பினர்களில் ஐந்து பேர் பெண்கள். அவர்களில் இருவர் காலனியைச் சேர்ந்தவர்கள். ஆனாலும் கூட்டம் என்று கூடினால் பேசியது அதே நான்கைந்து பழைய ஆட்கள்தான். அடுத்த தேர்தலில் நானே வார்டு உறுப்பினராக நிற்கலாம் என்று நினைக்கிறேன். ஒதுக்கீட்டைத் தாண்டி, புதியவர்களின் குரலும் குக்கிராமத்து மக்களின் குரலும் ஊராட்சிக்குள் வருவதற்கு என்ன செய்ய வேண்டும்?" என்று பட்டப்படிப்பு முடித்து ஊரிலேயே இருக்கும் ஓர் இளம்பெண் கேட்டிருக்கிறார்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஊராட்சித் தலைவர்களுக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும் பயிற்சி வகுப்புகள் நடத்தி வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். இடம் கிடைப்பது முதல் படி. பேசத் துணிவது இரண்டாவது படி. இந்த இரண்டைப் பற்றியும் நாம் நிறையப் பேசிவிட்டோம். மூன்றாவது படியைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை: பேசியது தீர்மானப் புத்தகத்தில், பேசியவர் சொன்ன பொருளிலேயே, ஒரு தீர்மான எண்ணோடு எழுதப்பட வேண்டும். அப்படி எழுதப்படாத பேச்சுக்கு ஊராட்சி நிர்வாகத்தில் இருப்பே கிடையாது. ஒன்றிய அலுவலகத்துக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ போய்ச் சேர்வது தீர்மானத்தின் நகல்தான்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் நடந்த கிராம சபைக்குப் போயிருந்தேன். மேட்டுத் தெருவிலிருந்து வந்திருந்த ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு எழுந்து நின்று, தங்கள் தெருவுக்கு நான்கு மாதமாகத் தண்ணீர் ஏறுவதில்லை என்றும், பள்ளத் தெரு வால்வை மூடுவதற்கு முன்பே டேங்க் ஆபரேட்டர் மோட்டாரை நிறுத்திவிடுவதுதான் காரணம் என்றும், காலை ஆறு மணிக்கு மேட்டுத் தெருவுக்கு மட்டும் அரைமணி நேரம் தனியாக விட்டால் போதும் என்றும் சொன்னார். பொறியாளர் ஒருவர் எழுதித் தரும் அறிக்கையைவிடத் தெளிவாக இருந்தது அது. கூட்டத்தில் பலரும் தலையாட்டினார்கள். மூன்று வாரம் கழித்துத் தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தபோது அதில் இருந்தது இவ்வளவுதான்: "குடிநீர் விநியோகம் குறித்து விவாதிக்கப்பட்டது. சீரான குடிநீர் வழங்க நடவடிக்கை எடுக்க மன்றம் ஏகமனதாகத் தீர்மானிக்கிறது." தெருவின் பெயர் இல்லை, வால்வு இல்லை, நேரம் இல்லை, செய்ய வேண்டியவர் யார் என்பதும் இல்லை. அந்தப் பெண்ணின் கையெழுத்து மட்டும் வருகைப் பக்கத்தில் இருந்தது. ஏனென்றால் கூட்டம் தொடங்கும் முன்பே எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, பின்பக்கங்களை வெற்றாக விட்டு, தீர்மானங்களைப் பிறகு நிரப்பிக்கொள்வது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது.

தீர்மானப் புத்தகத்தின் மீது எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பது புரிய வேண்டுமானால், இந்த இடங்கள் எப்படிக் கிடைத்தன என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படியும், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமலும் இடங்களையும் தலைவர் பதவிகளையும் ஒதுக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தியது. அதற்கேற்பத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் முதல் தேர்தல் 1996 அக்டோபரில் நடந்தது. 2016இல் பெண்களுக்கான பங்கைத் தமிழ்நாடு பாதியாக உயர்த்தியது. அப்போது 12,500க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் இருந்த மாநிலத்தில், அதுவரை ஒன்றிய அலுவலகத்தின் படியே ஏறாத பல்லாயிரம் பெண்கள் இதனால் உள்ளே வந்தார்கள். இதைச் சிறிய மாற்றம் என்று யாராவது சொன்னால் நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் அந்த இடங்களுக்கு உயிரையே விலையாகக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். மதுரை மாவட்டம் மேலூருக்கு அருகிலுள்ள மேலவளவு ஊராட்சி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபோது மனுத்தாக்கல் செய்யவே அங்கே மிரட்டல் இருந்தது. அதை மீறி நின்று தலைவரான முருகேசனும் அவரோடு பயணம் செய்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உசிலம்பட்டிப் பக்கத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளிலும் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலிலும் பத்தாண்டுகள் முறையான தேர்தலே நடத்த முடியவில்லை. ஒன்று யாரும் மனுத்தாக்கல் செய்ய மாட்டார்கள். அல்லது ஊர்ப் பெரியவர்கள் நிறுத்திய ஒருவர் வென்று, பதவி ஏற்ற கையோடு விலகல் கடிதத்தையும் கொடுத்துவிடுவார். 2006 அக்டோபரில், மாவட்ட நிர்வாகம் பல மாதங்கள் ஊர் ஊராகப் போய்ப் பேசிய பிறகே அங்கே தலைவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பதவியில் தொடர்ந்தார்கள். அந்தப் பாப்பாபட்டியில்தான் 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கிராம சபையில் கலந்துகொண்டார். ஓர் ஊரின் தேர்தல் நின்றுபோனதும், பிறகு அதே ஊரின் கிராம சபை மாநிலமே பார்க்கும் கூட்டமானதும் ஒரே தலைமுறைக்குள் நடந்தவை.

இடம் கிடைத்த பிறகும் நாற்காலி கிடைப்பது தனிப் போராட்டமாக இருக்கிறது. 2020இல் கடலூர் மாவட்டத்து ஊராட்சி ஒன்றில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்ட படம் வெளியானது. சுதந்திர தினத்தில் கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்ட தலைவர்கள் இருந்ததால், எந்தப் பாகுபாடும் இன்றி அவர்களே கொடியேற்றுவதை உறுதிசெய்ய வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. நாற்காலியும் கொடியும் கண்ணுக்குத் தெரிபவை. ஒரு படம் வெளியானால் நடவடிக்கை வருகிறது. கண்ணுக்குத் தெரியாத தடைகள்தான் ஐந்தாண்டுகளையும் தின்றுவிடுகின்றன.

அவற்றில் முதலாவது துணைத் தலைவர் பதவி. தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பதவிக்கு ஒதுக்கீடு கிடையாது. எனவே தலைவர் பதவி ஒதுக்கீட்டுக்குப் போனவுடன், ஊரின் பலம் வாய்ந்த குடும்பம் துணைத் தலைவர் பதவியைக் குறிவைக்கிறது. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டியிருப்பதால், துணைத் தலைவர் பேனாவைத் தொடாமல் இருந்தாலே தெருவிளக்குக்குப் பல்பு வாங்க முடியாது. ஒரு தலைவர் என்னிடம், "அம்மா, அவர் என்னைத் திட்டினால்கூடப் பரவாயில்லை. பத்து தடவை அவர் வீட்டுக்குப் போய்விட்டேன். ஒவ்வொரு தடவையும் 'நாளைக்கு வா' என்று மட்டும் சொல்கிறார்" என்று சொன்னதை இன்றும் மறக்க முடியவில்லை. அப்படிப்பட்ட ஒவ்வொரு மறுப்பையும் தேதியோடு எழுதி, வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஆட்சியருக்கும் பதிவஞ்சலில் அனுப்பச் சொன்னேன். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு கையெழுத்து வந்தது. வாய்மொழியாகச் சொன்ன பத்து புகார்களால் ஆகாதது மூன்று தாள்களால் ஆயிற்று.

இரண்டாவது தடை வீட்டுக்குள் இருக்கிறது. பெண் தலைவருக்குப் பதிலாகக் கணவரோ மகனோ ஊராட்சி நடத்துவது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் அது எங்கே நடக்கிறது என்று கிட்டப்போய்ப் பார்த்தவர்கள் குறைவு. ஒன்றிய அரசு தரும் நிதியைச் செலவிட இப்போது டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். பென்டிரைவ் போன்ற ஒரு சிறு கருவியும் ஒரு கடவுச்சொல்லும் அதற்குரியவை. ஒரு பயிற்சி வகுப்பில் முப்பது பெண் தலைவர்களிடம் அந்தக் கருவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர் "கிளார்க்கிடம்" என்றார். இன்னொருவர் "எங்கள் வீட்டுக்காரர் பீரோவில்" என்றார். மூன்றாமவர், அப்படி ஒரு கருவி தன் பெயரில் இருப்பதே தனக்கு இப்போதுதான் தெரியும் என்றார். அந்த வகுப்பின் மற்ற பாடங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, அன்று பிற்பகல் முழுவதும் அந்தக் கருவியைச் செருகிக் கடவுச்சொல்லை மாற்றுவதையே ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுத்தோம். பெண்களுக்குத் தலைமைப் பண்பு, தன்னம்பிக்கை என்று மணிக்கணக்கில் சொற்பொழிவு ஆற்றும் பயிற்சிகளைவிட இப்படிப்பட்ட ஒரு பிற்பகல் அதிகம் பயன்படும் என்பது என் உறுதியான கருத்து.

இவ்வளவு தடைகள் இருக்கும்போது ஒதுக்கீட்டால் பயன் உண்டா என்று சிலர் கேட்கிறார்கள். உண்டு. மேற்கு வங்காளத்திலும் ராஜஸ்தானிலும் உள்ள ஊராட்சிகளை ஆராய்ந்து ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டூஃப்லோவும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் பெண்கள் அதிகம் முறையிடும் வேலைகளில், குறிப்பாகக் குடிநீரில், கூடுதலாகச் செலவிடப்பட்டதைக் காட்டியது. அதே மேற்கு வங்காளத்தில் பின்னர் செய்யப்பட்ட மற்றோர் ஆய்வு, இரண்டு முறை தொடர்ந்து பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில், ஒதுக்கீடு நீங்கிய பிறகும் பெண்கள் அதிகமாகப் போட்டியிட்டு வென்றதைக் கண்டது. தமிழ்நாட்டில் ஒதுக்கீடு பத்தாண்டுகளுக்கு ஒருமுறைதான் சுழல்கிறது என்பது இந்த வகையில் நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. முதல் ஐந்தாண்டில் கணவரின் கைப்பிடியில் இருந்த பதவி, இரண்டாவது ஐந்தாண்டில் வேறொரு பெண்ணிடம் வரும்போது, ஊர் அவரிடம் நேராகப் போய்ப் பேசப் பழகியிருப்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

புதியவர்களுக்குப் போதிய படிப்பில்லை, அதனால்தான் மற்றவர்கள் ஆட்டுவிக்கிறார்கள் என்பது அடுத்து வரும் வாதம். இந்த வாதத்தைச் சட்டமாகவே ஆக்கிய மாநிலங்கள் உண்டு. ராஜஸ்தான் 2014 டிசம்பரில், ஊராட்சித் தலைவராக நிற்க எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்று அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஹரியானா 2015இல் பொதுப் பிரிவு ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பைத் தகுதியாக்கியது. வீட்டில் கழிப்பறை இருக்க வேண்டும், மின் கட்டண நிலுவை இருக்கக் கூடாது என்றும் சேர்த்தது. அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஹரியானா சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ராஜஸ்தான் தன் சட்டத்தை 2019இல் நீக்கிவிட்டது. பள்ளிக்கூடம் எட்டாத தூரத்தில் இருந்த காலத்தில் வளர்ந்த ஒரு பெண்ணிடம், பள்ளி கட்டித் தராத அரசே சான்றிதழ் கேட்பது அநீதி என்பதே என் கருத்து. தமிழ்நாடு இப்படிப்பட்ட கல்வித் தகுதியைக் கொண்டுவரவில்லை. 21 வயது நிரம்பியிருந்து, ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நிற்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினருக்குத் தீர்மானத்தை உரக்கப் படித்துக் காட்டுவது ஊராட்சிச் செயலரின் கடமை என்று ஆக்கினால் போதும். அந்த உறுப்பினரைத் தகுதி நீக்கம் செய்யத் தேவையில்லை.

நீங்கள் நிற்கப் போவதாகச் சொன்னதால் செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2019 தேர்தலில் கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்கான வைப்புத்தொகை 200 ரூபாய், தலைவருக்கு 600 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு அதில் பாதி. செலவு வரம்பு வார்டு உறுப்பினருக்கு 9,000 ரூபாயும் தலைவருக்கு 34,000 ரூபாயுமாக இருந்தது. இந்த இரண்டு பதவிகளுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. சட்டத்தின்படி பார்த்தால் கூலி வேலைக்குப் போகும் பெண்ணும் நிற்கக்கூடிய தேர்தல்தான் இது. நடைமுறையில் தலைவர் பதவிக்கு லட்சக்கணக்கில் இறைக்கப்படுவதும், சில ஊர்களில் கோயில் திருப்பணிக்கு என்று சொல்லிப் பதவியையே ஏலம் விடுவதும் நடக்கின்றன. ஏலம் எடுத்தவர் ஊருக்குப் பணம் கொடுத்துவிட்டார் என்பதாலேயே அதை ஒற்றுமை என்று கொண்டாடுகிறார்கள். அங்கே வாக்குரிமை பறிபோகிறது. நிற்க நினைத்த ஏழையின் வாயும் அடைக்கப்படுகிறது. மாநிலத் தேர்தல் ஆணையம் இதைக் குற்றம் என்று ஒவ்வொரு முறையும் எச்சரிக்கிறது. ஆனால் புகார் கொடுக்க வேண்டியவர் அதே ஊரில்தான் வாழ வேண்டும் என்பதால் புகார் அரிதாகவே வருகிறது. வார்டு உறுப்பினர் பதவியில் இந்தப் பணப்போட்டி குறைவு. ஆகவே முதலில் வார்டில் நிற்பது என்ற உங்கள் முடிவு சரியானது.

புதியவர்கள் எங்கிருந்து வருவார்கள் என்ற கேள்விக்குக் கேரளம் நல்ல விடை வைத்திருக்கிறது. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ திட்டத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் அயல்கூட்டமாகக் கூடுகிறார்கள். அதன் பிரதிநிதிகள் வார்டு அளவிலும், பிறகு ஊராட்சி அளவிலும் அமைகிறார்கள். கணக்கு எழுதுவது, கூட்டக் குறிப்பு எடுப்பது, அலுவலரிடம் கேள்வி கேட்பது ஆகியவற்றையெல்லாம் தேர்தலுக்கு முன்பே பல ஆண்டுகள் செய்து பழகிய பெண்கள் அங்கே வேட்பாளர்களாகிறார்கள். அதோடு, அங்கே கிராம சபையே வார்டு அளவில்தான் கூடுகிறது. நம்மிடமும் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் தர்மபுரியில் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவியிருக்கின்றன. அவற்றின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகளும் உள்ளன. ஆனால் நாம் அந்தப் பெண்களைச் சேமிப்போடும் கடனோடும் நிறுத்திவிட்டோம். குழுவின் கணக்கை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதும் பெண், ஊராட்சியின் கணக்கைக் கையில் வாங்கிப் பார்த்ததே இல்லை. நீங்கள் வேலையைத் தொடங்க வேண்டிய இடம் இதுதான். உங்கள் தெருக் குழுவின் அடுத்த கூட்டத்தில், கடன் தவணைப் பேச்சு முடிந்த பிறகு அரைமணி நேரத்தை ஊராட்சிக் கணக்குக்கு ஒதுக்குங்கள்.

என்ன கணக்கு என்று கேட்பீர்கள். கிராம சபையில் ஊராட்சியின் வரவு செலவைப் படிவம் 30இல் வைத்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது விதி. பல ஊர்களில் அது பேனரில் அச்சாகித் தொங்கும். யாரும் கிட்டப்போய்ப் படிப்பதில்லை. அதைக் கைபேசியில் படம் பிடித்து வந்து குழுவில் உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள். "தெருவிளக்குப் பராமரிப்பு" என்ற வரிக்கு நேரே உள்ள தொகையைப் பார்த்துவிட்டு, தன் தெருவில் எத்தனை விளக்கு எரிகிறது என்று எண்ணத் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் அடுத்த கேள்வியை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்கோடு, 2022 முதல் மார்ச் 22 தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் சேர்ந்துகொண்டன. குறைந்தபட்ச வருகை மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். இந்த எண்ணிக்கையை நிரப்பப் பல ஊர்களில் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களை அழைத்து வந்து உட்கார வைக்கிறார்கள். அவர்கள் வருவது நல்லதுதான். ஆனால் வந்தவர்களைத் தலை எண்ணிக்கைக்கு மட்டும் பயன்படுத்திக்கொண்டு, அவர்கள் வாய் திறக்கும் முன் கூட்டத்தை முடித்துவிடுகிறார்கள்.

இடமும் முக்கியம். மத வளாகங்களில் கிராம சபையை நடத்தக் கூடாது என்றும், குக்கிராமங்களுக்குச் சுழற்சி முறையில் வாய்ப்புத் தர வேண்டும் என்றும் அறிவுறுத்தல்கள் உள்ளன. தாய்க் கிராமத்திலேயே எப்போதும் கூட்டம் நடந்தால், மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காலனியிலிருந்தும் தோட்டத்து வீடுகளிலிருந்தும் வருபவர்கள் விருந்தாளிகளைப்போல ஓரத்தில் நிற்பார்கள். ஒருமுறை கூட்டத்தைக் காலனியின் சமுதாயக் கூடத்தில் வைத்துப் பாருங்கள். யார் முன்வரிசையில் உட்காருகிறார்கள், யார் வாசலோடு நின்றுவிடுகிறார்கள் என்பதிலேயே ஊர் எப்படி இருக்கிறது என்பது விளங்கிவிடும். மலைக் கிராமங்களுக்கு இது இன்னும் கடினம். அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையின் கீழ் அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதிகள் தமிழ்நாட்டில் இல்லாததால், பழங்குடிக் கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே பொருந்துவதில்லை. எனவே மலையில் உள்ள குக்கிராமங்கள் சாதாரண ஊராட்சி முறைக்குள்ளேயே தங்களுக்கான இடத்தைத் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் 2025இல் ஒரு வழி திறந்தது: ஒவ்வொரு கிராம ஊராட்சியிலும் ஒரு மாற்றுத்திறனாளி நியமன உறுப்பினராக இருப்பதற்குச் சட்டம் திருத்தப்பட்டது. சாய்தளம் இல்லாத ஊராட்சி அலுவலகங்கள் இனியாவது ஒரு சாய்தளம் கட்டும் என்று நம்புகிறேன்.

எழுத்தில் ஏறிய தீர்மானத்துக்கு என்ன வலிமை உண்டு என்பதை அண்மையில் அரிட்டாபட்டி காட்டியது. மேலவளவு இருக்கும் அதே மேலூர் வட்டாரத்து ஊர்தான் அது. முதிய வயதில் தேர்தலில் நின்று 2020இல் அங்கே தலைவரான வீரம்மாள் பாட்டியின் பதவிக்காலத்தில், 2022 நவம்பரில், அரிட்டாபட்டியின் குன்றுகளும் சுனைகளும் சார்ந்த 193 ஹெக்டேர் பகுதி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அந்தப் பகுதியையும் உள்ளடக்கி 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்த செய்தி வந்தவுடன், அரிட்டாபட்டி கிராம சபை கூடி, சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. சுற்றியுள்ள ஊர்களும் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. மக்கள் மேலூர்ப் பகுதியிலிருந்து மதுரைக்குப் பேரணியாகப் போனார்கள். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. போராட்டமும் அரசியல் அழுத்தமும் இல்லாமல் இது நடந்திருக்காது. ஆனாலும், முதலில் ஓர் ஊரின் தீர்மானப் புத்தகத்தில் தெளிவான சொற்களில் எழுதப்பட்ட மறுப்புதான் மற்ற எல்லோரும் ஏந்திச் செல்லும் தாளாக இருந்தது. மனுத்தாக்கல் செய்தாலே வெட்டுவோம் என்று மிரட்டப்பட்ட வட்டாரத்தில், ஒரு தலைமுறை கழித்து இப்படி ஒரு தீர்மானம் எழுதப்பட்டதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஒரு பெருங்கவலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தியாக வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243இ பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆனால் 2016 அக்டோபரிலிருந்து 2019 டிசம்பர் வரை தமிழ்நாட்டின் ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் யாரும் இல்லை. 2019இல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5 அன்று பதவிக்காலம் முடிந்து மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். இந்த இடைவெளியால் மிகவும் பாதிக்கப்படுபவர் புதியவர்தான். பழைய செல்வாக்குக் குடும்பத்துக்குப் பதவி இல்லாவிட்டாலும் அலுவலகத்தில் செல்வாக்கு இருக்கும். ஐந்தாண்டில் பாடுபட்டு அலுவலக நடைமுறையைக் கற்ற பெண்ணோ, பதவி போன மறுநாளே வாசலில் நிற்க வேண்டியவர் ஆகிறார். உள்ளாட்சித் தேர்தலைக் காலத்தில் நடத்து என்று கேட்பதைக் கட்சிகளுக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு கிராம சபையும் அதைத் தீர்மானமாகவே போட வேண்டும். தனி அலுவலர் காலத்திலும் கிராம சபை கூடத்தான் செய்கிறது. எனவே நீங்கள் உறுப்பினர் ஆகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எவருக்கும் அங்கே பேச உரிமை உண்டு.

அடுத்த கிராம சபைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது உங்கள் தெருவிலும் பக்கத்துக் குக்கிராமத்திலும் மாலை நேரத்தில், வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பிய பிறகு, திண்ணையில் பத்துப் பேரை உட்கார வைத்துப் பேசுங்கள். இருபது குறைகளையும் அடுக்காதீர்கள்; இரண்டு போதும். ஒவ்வொன்றுக்கும் எந்தத் தெரு, என்ன வேலை, யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று நான்கு வரியில் தீர்மான வாசகத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அதை மனுவாக முன்கூட்டியே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் அதைப் படிக்கும்போது தனியாக நிற்காமல் உங்களோடு ஐந்தாறு பேர் எழுந்து நில்லுங்கள். தீர்மானம் எழுதி முடித்து, எல்லோரும் கேட்கும்படி உரக்கப் படிக்கும் வரை வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இதில் சண்டைக்கு எதுவும் இல்லை. "முதலில் எழுதுங்கள் ஐயா, கேட்டுவிட்டுப் போடுகிறோம்" என்று மரியாதையாகச் சொன்னால் போதும். எழுதிய பக்கத்தைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வியாக, சென்ற கூட்டத்தின் அந்தத் தீர்மான எண்ணைச் சொல்லி, அது என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

மேட்டுத் தெருப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அடுத்த ஆண்டு காந்தி பிறந்த நாள் கூட்டத்துக்கு அவர் ஒரு பள்ளி நோட்டுத் தாளில் மகளைக் கொண்டு எழுதி வாங்கி வந்திருந்தார். "மேட்டுத் தெருவில் உள்ள 42 வீடுகளுக்குக் காலை 6 மணி முதல் 6.30 வரை தனியாகக் குடிநீர் விட வேண்டும், பள்ளத் தெரு வால்வைப் பதினைந்து நாளுக்குள் மாற்ற வேண்டும்" என்று அதில் இருந்தது. செயலர் அதைச் சுருக்கி எழுதப் பார்த்தார். அந்தப் பெண் நகராமல் மேசைக்குப் பக்கத்திலேயே நின்று, மகளைக் கூப்பிட்டு, எழுதியதைப் படிக்கச் சொன்னார். 42 என்ற எண் விடுபட்டிருந்தது. அதைச் சேர்த்து எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.